கால்பந்தாட்டக்காரரின் பின்தொடைத் தசையும் பத்து நிமிடப் பயிற்சியும்

கால்பந்தாட்டத்தில் வேறெந்தத் தசையினும் மிகுதியாகக் காயப்படுவது தொடையின் பின்புறத் தசையேயாகும். இக்காயம் பெரும்பாலும் பிறர் கால் பட்டு நேர்வதன்று. பந்தைத் துரத்தி முழு வேகத்தில் ஓடும் ஆட்டக்காரன் திடீரென்று தொடையின் பின்புறத்தைக் கையால் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறான். அருகில் எதிரி ஒருவனும் இரான். பார்ப்பவர் ‘சதை பிடித்துக்கொண்டது’ என்பர். பல வேளைகளில் அது பிடிப்பன்று. தசையிழைகள் கிழிந்தே போயிருக்கும்.

இக்காயத்தைப் பெருமளவு தடுக்கவல்ல எளிய பயிற்சி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது பல நாடுகளில் ஆராயப்பட்டுள்ளது. அதற்குக் கருவி வேண்டா. தனிக் கட்டடம் வேண்டா. கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழன் இருந்தால் போதும். அப்பயிற்சி நம் நாட்டுப் பள்ளி மைதானங்களில் அன்றாட வழக்கமாக வேண்டும் என்பதும், அதனை அங்கே நிலைநிறுத்தவல்லவர் பெரிய நகரத்து மருத்துவர் அல்லர், தேகப்பயிற்சி ஆசிரியரும் இளைஞர் மன்றங்களைக் கவனித்துவரும் களப்பணியாளருமே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

காயம் எவ்வாறு ஏற்படுகிறது என்பதை அறிந்தால்தான் பயிற்சியின் பொருள் விளங்கும். தொடையின் பின்புறத்தில் மூன்று தசைகள் உள்ளன. விளையாட்டுத் துறையினர் இம்மூன்றையும் சேர்த்து ‘ஹாம்ஸ்ட்ரிங்’ என்று வழங்குகின்றனர். நாம் தரையில் அமரும்போது பதியும் இடுப்பெலும்பு முனையில் இவற்றின் பெரும்பகுதி தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் சென்று முடிகிறது. முழங்காலை மடக்குவதும் தொடையைப் பின்னோக்கி இழுப்பதும் இவற்றின் தொழில்கள். ஆயினும் வேகமாக ஓடும்போது இவற்றுக்கு மிகக் கடினமான வேலை இவ்விரண்டுமல்ல. ஓடுபவனின் கால் முன்னோக்கி வீசப்படுகிறது. கீழ்க்கால் விசையுடன் நீள்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னே அவ்வீச்சைத் தடுத்து நிறுத்தவேண்டிய பொறுப்பு பின்தொடைத் தசைகளைச் சேர்கிறது. அந்தக் கணத்தில் அவை நீண்டுகொண்டும் இருக்கவேண்டும், இறுகப் பிடித்துக்கொண்டும் இருக்கவேண்டும்.

நீர் நிறைந்த குடத்தைக் கயிற்றில் கட்டி மெல்லக் கிணற்றினுள் இறக்குபவரை எண்ணிப் பாருங்கள். கயிறு கையினின்று நழுவிச் சென்றுகொண்டே இருக்கிறது. ஆனால் கை அதை விட்டுவிடவில்லை. மேலே இழுப்பதற்கு வேண்டிய வலிமை ஒன்று. இறக்கும்போது தாங்குவதற்கு வேண்டிய வலிமை மற்றொன்று. பின்தொடைத் தசை பெரும்பாலும் கிழிவது இரண்டாவது வலிமை போதாத இடத்திலேயே. இதனை ‘நீளும்போது தாங்கும் வலிமை’ என்று குறிப்போம். ஆட்டம் நீள நீள இவ்வலிமை குறைந்துவருகிறது. இங்கிலாந்தின் தொழில்முறைக் குழுக்களில் நடந்த கணக்கெடுப்பில், ஒவ்வொரு பாதியாட்டத்தின் இறுதிப் பகுதியிலும் இக்காயங்கள் மிகுந்திருக்கக் கண்டனர். களைப்புற்ற தசை வேகத்தை ஈடுகொடுக்க இயலாமற் போகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. தசையைச் சுருக்கிச் சுருக்கிப் பயிற்றுவதால் இந்தக் குறிப்பிட்ட வலிமை எளிதில் வளர்வதில்லை. நீளும் நிலையிலேயே அதைப் பயிற்றவேண்டும். 2004-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்து வெளியிட்டனர். நன்கு பயின்ற கால்பந்தாட்டக்காரருள் ஒரு சாரார் இயந்திரத்தில் எடையை மாட்டி முழங்காலை மடக்கிப் பயின்றனர். மற்றொரு சாரார் கருவியின்றித் தம் உடலெடையையே சுமையாகக் கொண்டு பயின்றனர். 10 வாரங்களுக்குப் பின் அளந்தபோது, இரண்டாம் சாராரின் தாங்கும் வலிமை 11 சதவிகிதம் உயர்ந்திருந்தது. இயந்திரத்தில் பயின்றோரிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத பள்ளிகள் இதில் ஒன்றும் இழந்துவிடவில்லை என்பதை ஆசிரியர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு ‘நார்டிக் பயிற்சி’ என்று பெயர். செய்யும் முறை இது: ஆட்டக்காரன் புல்தரையிலோ மடித்த சாக்கின் மீதோ மண்டியிடுகிறான். தோழன் பின்னால் அமர்ந்து அவனுடைய இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். முழங்கால் முதல் தலை வரை உடல் ஒரே நேர்கோட்டில் இருக்க, ஆட்டக்காரன் மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்கிறான். இடுப்பை மடக்கலாகாது, சிறுவர் செய்யும் தவறு பெரும்பாலும் இதுவே. பின்தொடைத் தசையால் எவ்வளவு நேரம் வீழ்ச்சியைத் தடுக்க இயலுமோ அவ்வளவு நேரம் தடுக்கவேண்டும். இனி இயலாது என்னும் நிலையில் கைகளை ஊன்றி மார்பு தரையைத் தொடுமாறு இறங்கவேண்டும். பிறகு கைகளால் உந்தி மீண்டும் மண்டியிட்ட நிலைக்கு வரலாம். எழுவதற்குத் தொடைத் தசையின் உதவி தேவையில்லை. இறங்குவதே பயிற்சி.

இனி இதன் பயனைக் காண்போம். டென்மார்க்கில் தொழில்முறைக் குழுக்களும் பொழுதுபோக்காக ஆடுவோர் குழுக்களுமாக 50 குழுக்கள், 942 ஆட்டக்காரர், ஓர் ஆய்வில் பங்குகொண்டனர். 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாதிக் குழுக்கள் ஆட்டப் பருவத்தின் இடைவேளையில் 10 வாரம் இப்பயிற்சியைத் தொடங்கின. மற்றவை வழக்கமான பயிற்சியையே தொடர்ந்தன. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பயிற்சி செய்யாத குழுக்களில் 52 பின்தொடைக் காயங்கள் பதிவாகியிருந்தன; செய்த குழுக்களில் 15 மட்டுமே. இதனை ஆசிரியர்க்கு உதவும் வகையில் வேறு விதமாகவும் சொல்லலாம். 13 பேர் இப்பயிற்சியை மேற்கொண்டால் அவ்வாண்டில் ஒருவர் காயத்தினின்று தப்புகிறார். முன்பே காயப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூவர் செய்தால் ஒருவர் தப்புகிறார். ஒரு முறை கிழிந்த தசை மீண்டும் கிழிவதே இக்காயத்தின் பெருந்தொல்லையாதலின் இந்த இரண்டாவது கணக்கு மிகவும் கவனிக்கத்தக்கது.

நெதர்லாந்தில் பொழுதுபோக்காக ஆடும் 40 குழுக்களின் 579 ஆட்டக்காரரிடையே 2013-ஆம் ஆண்டில் நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டிற்று. ஆயிரம் மணி நேர ஆட்டத்துக்கு 0.8 என்றிருந்த காய விகிதம், பயிற்சி செய்தோரிடம் 0.25 ஆக இருந்தது. ஆயினும் அவ்வாய்வில் இன்னொன்றும் தெரிந்தது: காயங்களின் எண்ணிக்கை குறைந்ததேயன்றி, ஏற்பட்ட காயத்தின் கடுமை குறையவில்லை. பயிற்சி செய்தவன் காயப்பட்டால் விரைவில் குணமாகிவிடுவான் என்று எதிர்பார்த்தலாகாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, 8,000-க்கு மேற்பட்ட விளையாட்டு வீரரைக் கணக்கிலெடுத்து, இப்பயிற்சி இக்காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று கூறுகிறது. விளையாட்டு மருத்துவத்தில் இத்துணை உறுதியான சான்று கிடைத்துள்ள தடுப்பு முறைகள் மிகச் சில.

அப்படியாயின் உலகம் முழுவதும் இது பரவியிருக்க வேண்டுமே என்று வாசகர் வினவலாம். பரவவில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த குழுக்களையும் நார்வேயின் முதல்நிலைக் குழுக்களையும் கேட்டறிந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு குழுவின் ஓர் ஆட்டப் பருவத்தை ஓர் அலகாகக் கொண்டால், மொத்தம் 150 அலகுகளில் 16-இல் மட்டுமே இப்பயிற்சி முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. 125-இல் செய்யப்படவேயில்லை எனலாம். இதற்கிடையே ஐரோப்பியத் தொழில்முறைக் குழுக்களில் எல்லாக் காயங்களிலும் பின்தொடைக் காயத்தின் பங்கு, 2001-02 பருவத்தில் 12 சதவிகிதமாக இருந்தது 2021-22 பருவத்தில் 24 சதவிகிதமாக உயர்ந்தது. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் பெருகியதும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் செல்வமும் மருத்துவரும் நிறைந்த இடத்திலேயே இந்நிலை என்றால், குறை அறிவிலன்று, நடைமுறையில் என்பது தெளிவு.

நடைமுறையில் இது ஏன் கைவிடப்படுகிறது? முதற்காரணம் வலி. பழக்கமில்லாத தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடுமையாக நோகும். முதல் நாளிலேயே உற்சாகத்தால் முப்பது முறை செய்விக்கும் ஆசிரியர், இரண்டாம் நாள் மாணவர் படியேற முடியாமல் நொண்டுவதைக் காண்பார். மூன்றாம் நாள் பயிற்சி நின்றுபோகும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகின்றனர் என்று கருதுகிறேன். டென்மார்க்கில் பின்பற்றிய அட்டவணை இதற்கு நல்ல மருந்து. முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள். ஐந்து ஐந்தாக இரு சுற்று மட்டும். இரண்டாம் வாரத்தில் இரு நாட்கள். ஆறு ஆறாக இரு சுற்று. மூன்றாம் வாரத்தில் மூன்று நாட்கள். ஆறு முதல் எட்டு வரை மூன்று சுற்று. நான்காம் வாரத்தில் எட்டு முதல் பத்து வரை. ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை, வாரம் மூன்று நாட்கள், முறையே பன்னிரண்டு, பத்து, எட்டு என மூன்று சுற்று. இவ்வாறு 27 நாட்பயிற்சி முடிந்தபின் வாரத்துக்கு ஒரு நாள் செய்துவந்தால் பெற்ற வலிமையைக் காத்துக்கொள்ளலாம். படிப்படியாகச் சென்றால் வலி மிகுதியாகாது. சிறிது இருந்தாலும் அது காயமன்று என்பதை மாணவர்க்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் காரணம், இப்பயிற்சி எவருடைய பொறுப்பும் அன்று என்பது. பந்தடித்தலைக் கற்பிப்பவர் இதனை மருத்துவர் வேலை என்று கருதுகிறார். மருத்துவரோ காயம்பட்டு வந்தவரைத்தான் காண்கிறார். நம் பள்ளிகளில் இந்தப் பிளவு இல்லை. பந்தைக் கொடுப்பவரும், ஓடச் சொல்பவரும், அடிபட்டவனைத் தூக்கிச் செல்பவரும் ஒரே தேகப்பயிற்சி ஆசிரியர்தான். இதை நம் வறுமையின் அடையாளம் என்று சொல்வாருண்டு. இந்த ஒரு காரியத்தில் அது நமக்கு வசதியே. இருபது மாணவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் பிடிக்க ஒருவன் செய்ய, பிறகு மாறிக்கொள்ளச் செய்தால் பத்து நிமிடத்தில் குழு முழுவதும் முடித்துவிடும். மைதானம் மழையால் சேறானால் பள்ளித் தாழ்வாரம் போதும்.

பயிற்சியை ஆட்டப் பயிற்சிக்கு முன் செய்வதா, பின் செய்வதா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. பின்னர்ச் செய்வதே நலம் என்பது என் எண்ணம். முன்னே செய்து தசையைக் களைக்க வைத்துவிட்டு அதன்பின் முழு வேகத்தில் ஓடச் சொல்வது பொருத்தமாகப் படவில்லை. போட்டி நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் செய்யாமலிருப்பது நல்லது. டென்மார்க்கில் ஆட்டங்களின் இடைவேளையைப் பயன்படுத்திக்கொண்டனர். நம் நாட்டில் பருவங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் ஒரே நாளைக் குறிப்பிட இயலாது. தத்தம் மாவட்டப் போட்டிக்குப் பத்து வாரம் முன்னதாகத் தொடங்குவது என்று வைத்துக்கொள்ளலாம். 1960 முதல் நடைபெற்றுவரும் சுப்ரதோ கோப்பைப் பள்ளிப் போட்டி போன்றவற்றுக்குக் குழுக்களைத் தயார் செய்வோர், தேர்வு முடிந்தபின் இதைத் தொடங்குவதாக இருந்தால் காலம் போதாது.

இனிச் சில மறுப்புகள். ‘தசையை நீட்டி வளைத்துப் பழகினாலே போதும், வலிமைப் பயிற்சி எதற்கு?’ என்பது பழைய நம்பிக்கை. ஐஸ்லாந்து, நார்வே நாடுகளின் முதல்நிலைக் குழுக்களில் இதனை ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டனர். நார்டிக் பயிற்சி செய்த குழுக்களில், செய்யாத குழுக்களைவிடக் காயம் 65 சதவிகிதம் குறைவாக இருந்தது. நீட்டல் பயிற்சியை மட்டும் மேற்கொண்ட குழுக்களில் பயன் காணப்படவில்லை. நீட்டல் பயிற்சி தீங்கன்று. ஆனால் அதனை இதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. ‘வலிமைப் பயிற்சியால் தசை இறுகி ஆட்டக்காரனின் வேகம் குன்றும்’ என்று சிலர் அஞ்சுவர். இப்பயிற்சியில் தசையிழைகள் குறுகுவதில்லை, நீள்கின்றன என்பதே ஆய்வுகளில் கண்டது. இழைகள் குறுகியும் தாங்கும் வலிமை குறைந்தும் உள்ளவர்களே மிகுதியாகக் காயப்படுகின்றனர் என்பதை ஆஸ்திரேலியத் தொழில்முறை ஆட்டக்காரரிடையே நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

‘நம் மாணவர் பலர் போதிய உணவின்றி மைதானத்துக்கு வருகின்றனர், அவர்கள் மேல் மேலும் சுமை ஏற்றலாமா?’ என்னும் கேள்வி மற்றவற்றைப் போன்றதன்று. அதனை மதிக்க வேண்டும். பத்து நிமிடப் பயிற்சிக்கு வேண்டிய சக்தி ஒரு மணி நேரம் ஓடி ஆடுவதற்கு வேண்டியதில் சிறு பங்கேயாகும். பசித்த மாணவன் என்றால் முதலில் குறைக்கவேண்டியது நோக்கமின்றி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் வழக்கத்தை, இப்பயிற்சியையன்று.

சிறுவர் சிறுமியரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். மேலே கூறிய டென்மார்க், நெதர்லாந்து ஆய்வுகள் வளர்ந்தவரிடையே நடந்தவை. பள்ளி வயதினர்க்கு நேரே பொருந்தும் சான்று நார்வேயிலிருந்து கிடைக்கிறது. அங்கே 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்கள் ஆடும் 125 மன்றங்களில், ‘11 பிளஸ்’ என்னும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியைச் சோதித்து 2008-இல் வெளியிட்டனர். நார்டிக் பயிற்சியும் அதில் ஓர் அங்கம். கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதனை அடிக்கடி செய்த குழுக்களிலேயே பயன் மிகுந்திருந்தது. ஆகவே பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட மாணவியரையும் மாணவரையும் ஒன்றுபோலவே இதில் ஈடுபடுத்தலாம். மாணவியர்க்கு இது மிகையான பயிற்சி என்று ஒதுக்குவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. தோழியர் பிடித்துக்கொள்ளும் பயிற்சியாதலால் தனியிடமும் தேவைப்படாது.

வளரும் வயதில் ஓர் எச்சரிக்கை. இடுப்பெலும்பில் இத்தசை பற்றியிருக்கும் முனை, பதினான்கு பதினைந்து வயதில் முழுமையாக எலும்போடு கூடியிருப்பதில்லை. பெரியவரிடம் தசை கிழியும் விசையில், இவ்வயதினரிடம் சில வேளைகளில் அம்முனையே பெயர்ந்துவிடும். வேகமாக ஓடும்போதோ ஓங்கி உதைக்கும்போதோ ‘படீர்’ என்று உணர்ந்து, உட்காரும் எலும்பருகே கடுமையான வலியுடன் நடக்கவே இயலாமற் போகும் மாணவனை ‘சதைப் பிடிப்பு’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்.

காயம்பட்ட உடனே எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடும் வழக்கம் நாடெங்கும் காணப்படுகிறது. அன்போடு செய்யப்படுவதே, ஆயினும் புதிதாகக் கிழிந்த தசையில் இரத்தக் கசிவு மிகுதியாவதற்கு அது இடமளிக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் ஓட்டத்தை நிறுத்தி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, துணிப்பட்டையால் அளவாகக் கட்டி வைப்பதே தக்கது. அதன்பின் வலியில்லாத அளவில் நடையும், மெல்லோட்டமும், சிறிது சிறிதாக வலிமைப் பயிற்சியும் தொடங்கலாம். முழு வேகத்தில் வலியின்றி, அச்சமின்றிப் பல முறை ஓடிக்காட்டிய பிறகே போட்டியில் இறக்கவேண்டும்.

இவ்விடத்தில் நம் மனப்பான்மை ஒன்று குறுக்கே நிற்கிறது. 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், தலைக்காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். இந்தியா தங்கம் வென்றது. அந்தத் துணிவை எவரும் குறைத்துக் கூறார். ஆனால் தலைக்காயத்தோடு ஆடுவதை இன்றைய மருத்துவம் ஒப்பாது. பின்தொடைக் காயத்திலோ துணிவுக்கு வேலையே இல்லை. பாதி ஆறிய தசை முழு வேகத்தைத் தாங்காது. முன்னதைவிட நீண்ட ஓய்வே அதன் கூலி. ‘வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடு’ என்று மாணவனுக்குச் சொல்லும் ஆசிரியர், அரையிறுதியை வென்று இறுதியாட்டத்தில் அவனை இழக்கக்கூடும்.

நார்டிக் பயிற்சி ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என்று சொல்லவரவில்லை. பயிற்சிகளில் ஒருபோதும் முழு வேகத்தில் ஓடாத மாணவன் போட்டியன்று திடீரென்று அவ்வாறு ஓட நேர்ந்தால் தசைக்கு அது அதிர்ச்சியே. ஆகையால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாட்கள், உடல் நன்கு சூடேறிய பின், குறுகிய தூரத்தை முழு வேகத்தில் சில முறை ஓடச் செய்யவேண்டும். அடுத்தடுத்த நாட்களில் ஆட்டம் வைக்கும் போட்டிக் குழுவினரும் ஒரு நாள் இடைவெளி விடுவதைப் பற்றி எண்ணிப் பார்க்கவேண்டும்.

களப்பணியாளர் உடனே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் எந்த நாளில் எத்தனை பேர் பயிற்சி செய்தனர் என்றும், எதிர்ப்பக்கத்தில் யாருக்கு, எந்தக் காலில், ஆட்டத்தின் எந்த நிமிடத்தில் காயம் ஏற்பட்டது, எத்தனை நாள் கழித்து மீண்டும் ஆடினார், அதே இடத்தில் மறுபடியும் பட்டதா என்றும் எழுதிவரட்டும். ஆண்டு முடிவில் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து, குழுவினரின் முன்னிலையிலேயே படித்துக் காட்டுங்கள்.